பாறையும் பாவடியும்

ஓர் ஊரின் பழமையை அறிய விரும்புவோர் முதலில் தேடிச் செல்வது அவ்வூரின் கோயிலையும் கோட்டையையும்தான். கல்லில் செதுக்கப்பட்டது நிலைத்து நிற்கும் என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணம். ஆனால், அக்கோயிலுக்குச் செல்லும் தெரு எப்போது தோன்றியது, அது ஏன் அவ்வளவு நேராக அமைந்தது, அதன் நடுவே ஏன் ஒரு வெற்றிடம் விடப்பட்டது என்று கேட்போர் சிலரே. சேலம், நாமக்கல் சமவெளியில் நின்று இக்கேள்விகளைக் கேட்பவருக்குக் கல்வெட்டுகள் கூறாத வேறொரு வரலாறு கிடைக்கிறது. அந்த வரலாறு இன்று பாறையில் இல்லை, தெருவில் இருக்கிறது. தெருவில் இருப்பதனாலேயே நாள்தோறும் தேய்ந்தும் வருகிறது.

வடக்கே சேர்வராயன் மலையும் கிழக்கே கல்வராயன், கொல்லி மலைகளும் காவலிருக்க, மேற்கிலும் தெற்கிலும் காவிரி வளைந்தோடும் நிலம் இது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்தின் நடுவே ஓடித் தெற்கே சென்று காவிரியில் கலக்கிறது. மைசூருக்கும் மதுரைக்கும் இடையில் அமைந்த எல்லை நிலமாதலால், இங்கே நிமிர்ந்து நின்ற குன்றுகளிற் பல கோட்டைகளாயின. நாமக்கல், சங்ககிரி ஆகியவை அவற்றுள் புகழ்பெற்றவை. 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி இப்பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீடு முதல் ஆட்சியராக வந்தார். அவருக்குத் துணையாகத் தாமஸ் மன்றோ பணியாற்றினார். அன்று உருவான சேலம் மாவட்டத்திலிருந்து 1997ஆம் ஆண்டு நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. மாவட்டங்கள் இரண்டானாலும் தெருக்களின் இயல்பு ஒன்றே.

ஒரே பாறை

நாமக்கல்லை நெருங்குபவரின் கண்ணில் முதலில் படுவது ஏறத்தாழ 65 மீட்டர் உயரமுள்ள ஒற்றைப் பாறை. ஊரின் பெயரும் அப்பாறையிலிருந்தே பிறந்தது. கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் 18 அடி உயர ஆஞ்சநேயரைக் காண வருவோர் அப்பாறையின் அடியில்தான் வந்திறங்குகின்றனர். கமலாலயக் குளம் அதன் நிழலைத் தாங்குகிறது. கணிதமேதை இராமானுசன் தம் குலதெய்வமாகப் போற்றிய நாமகிரித் தாயாரின் ஊரும் இதுவே.

பாறையின் மேற்கு முகத்தில் நரசிம்மர் குடைவரையும் கிழக்கு முகத்தில் அரங்கநாதர் குடைவரையும் உள்ளன. இரண்டும் எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்தவை என்பது அறிஞர் கருத்து. அரங்கநாதர் குடைவரையின் கல்வெட்டு அக்கோயிலை ‘அதியேந்திர விஷ்ணு கிருகம்’ என்று குறிக்கிறது. அதைக் குடைவித்தவன் தன்னை அதியர் குலத்தவன் என்று சொல்லிக்கொள்கிறான். சங்கப் புலவர் பாடிய தகடூர் அதியமானின் குலப்பெயர், சில நூற்றாண்டுகள் கழித்து இப்பாறையில் மீண்டும் ஒலிக்கிறது.

குடைவரை, கட்டடக் கலையில் ஒரு தனி வகை. பிற கட்டடங்கள் பொருளைச் சேர்த்துச் சேர்த்து எழுபவை. குடைவரையோ கல்லை நீக்கி நீக்கிப் பெறப்படுவது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிக் கோயில் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமைகொண்டது இதனால்தான். நாமக்கல் சிற்பி ஒரு படி மேலே சென்றான். இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், நிலமகளை ஏந்திய வராகர், ஓங்கி உலகளக்கும் திரிவிக்கிரமர் ஆகியோரைச் சுவரிலேயே விட்டுவிட்டு மிகுதிக் கல்லை மட்டும் அகற்றினான். ஓர் அடி தவறினாலும் ஒட்டவைக்க இயலாத வேலை அது.

பாறையின் உச்சியில் கோட்டை நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் சேந்தமங்கலத்துப் பாளையக்காரர் இராமச்சந்திர நாயக்கர் அதை எழுப்பினார் என்பது பலரும் கூறும் செய்தி. பாறையிலேயே வெட்டிய படிகள் மேலே கொண்டுசெல்கின்றன. கோட்டைக்குள் ஒரு பெருமாள் கோயிலும் ஒரு தர்காவும் உள்ளன. மதிலோரம் நின்று கீழே நோக்கினால், குளமும் கோயில் மண்டபங்களும் அவற்றைச் சுற்றி நெருங்கிய ஓட்டுக் கூரைகளும், அவற்றினிடையே நாள்தோறும் பெருகிவரும் தட்டையான கான்கிரீட்டுக் கூரைகளும் தெரிகின்றன. அதற்கப்பால் லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகள். கோட்டையைக் கட்டியவர்கள் எதிரியின் வரவைக் காண்பதற்காக இவ்வுயரத்தைத் தேர்ந்தனர். ஊர் தன்னைத்தானே மாற்றிக்கொள்வதைக் காண்பதற்கும் அதுவே ஏற்ற இடமாக அமைந்துவிட்டது.

சட்டம் வரையும் வட்டம்

கோட்டையும் குடைவரைகளும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. தொன்மைச் சின்னங்களைக் காக்க 1958ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நடுவணரசுச் சட்டம் 2010ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. அதன்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடம் எழுப்பத் தடை. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை உரிய இசைவு பெற்றே கட்டலாம். சின்னத்தின் அருகே அடுக்குமாடிகள் எழும்பி அதன் தோற்றத்தையும் அடித்தளத்தையும் கெடுத்த துயரங்கள் நாடெங்கும் நிகழ்ந்த பின்னரே இக்கட்டுப்பாடு வந்தது. ஆதலால், இதைத் தேவையற்றது என்று எவரும் கூற இயலாது.

ஆயினும், ஊருக்கு நடுவே நிற்கும் ஒரு பாறையைச் சுற்றி இவ்வட்டத்தை வரையும்போது என்ன நிகழ்கிறது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். வட்டத்துக்குள் வாழ்பவர் ஒழுகும் கூரையைச் செப்பனிடுவதற்கும் இசைவுக்காகக் காத்திருக்க வேண்டியுள்ளது. வட்டத்துக்கு வெளியே இருப்பவர் நூறாண்டுப் பழமையுடைய வீட்டை ஒரே நாளில் இடித்துத் தள்ளினாலும் இச்சட்டம் அவரை ஒரு கேள்வியும் கேட்பதில்லை. பழைய வீட்டைப் பாடுபட்டுப் பேணிவருபவருக்குத் துணைசெய்வது இச்சட்டத்தின் நோக்கமன்று. சின்னம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதை அளவுகோல் வைத்து அளக்கலாம். ஒரு தெருவின் தொன்மையை எந்தப் புள்ளியிலிருந்து அளப்பது?

பேட்டைகளின் ஊர்

இக்கேள்விக்கு விடை தேடுபவர் நாமக்கல்லிலிருந்து சேலத்துக்குச் செல்ல வேண்டும். சேலத்தில் கோட்டை என்னும் பகுதி உண்டு, கோட்டைதான் இல்லை. கோட்டை மாரியம்மன் கோயிலும் கோட்டை அழகிரிநாதர் கோயிலும் அப்பெயரைக் காத்துவருகின்றன. கோட்டைக்கு வெளியே வணிகர்களும் கைவினைஞர்களும் குடியேறிய பகுதிகளைத் தமிழர் ‘பேட்டை’ என்றனர். செவ்வாய்க்கிழமைதோறும் சந்தை கூடிய இடம் செவ்வாய்ப்பேட்டை ஆயிற்று. அம்மாபேட்டை, அரிசிப்பாளையம், குகை, கிச்சிப்பாளையம் என ஒவ்வொரு பெயரும் ஒரு தொழிலையோ குடியேற்றத்தையோ வழிபாட்டையோ நினைவுபடுத்துகிறது. ஆங்கிலேய அதிகாரிகள் தங்கள் தோட்ட மாளிகைகளை ஊரின் நெரிசலுக்கு அப்பால், அஸ்தம்பட்டிப் பக்கம் அமைத்துக்கொண்டனர். 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதை ஊருக்குள் நுழையாமல் மேற்கே சூரமங்கலத்தோடு ஒதுங்கிச் சென்றதால், அங்கே வேறொரு பகுதி முளைத்தது.

ஊரைத் தொழில்வாரியாகப் பகுத்து வாழும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகப் பிரித்து, எந்தத் தெருவில் எந்தத் தொழில் செய்வோர் வாழ்ந்தனர் என்பதையும் விரித்துரைக்கிறது சிலப்பதிகாரம். தெருவைப் பட்டியலிட்டால் ஊரைச் சொல்லியதாகும் என்று இளங்கோவடிகள் கருதியிருக்க வேண்டும். அக்கண்ணோட்டத்தில் நோக்கினால், ‘பேட்டை’ என்பது ஒரு முகவரி மட்டுமன்று. ஒரு தொழிலுக்கு ஏற்ற வீடு, அவ்வீட்டுக்கு ஏற்ற தெரு, அத்தெருவுக்கு ஏற்ற சந்தை, கோயில், கிணறு அனைத்தும் சேர்ந்த ஒரே கட்டடம் அது.

1866ஆம் ஆண்டு சேலம் நகராட்சி அமைந்தது. 1917 முதல் 1919 வரை அதன் தலைவராக இராஜாஜி விளங்கினார். செவ்வாய்ப்பேட்டையின் லீ பஜாரில் இன்றும் மொத்த வணிகம் நடைபெறுகிறது. மூட்டை இறக்கும் வண்டிகளுக்கு இடையே புகுந்து நடப்பதற்குத் தனித்திறமை வேண்டும். கடை முன்னும் கிடங்கு பின்னும் வீடு மேலுமாக அமைந்த பழைய வணிகர் மனைகளில் சில எஞ்சியிருக்கின்றன. தெருப்பக்கம் குறுகியும் உள்ளே நீண்டும் செல்லும் அம்மனைகளின் நடுவில் வானம் தெரியும் முற்றம் உண்டு. ஊர்ப்புறங்களில் இதையே பெரிதாக விரித்துத் தொட்டிக்கட்டு வீடு என்பர். சுக்கான்கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்போடு மணலைச் சேர்த்து அரைத்துப் புளிக்கவைத்து, கடுக்காய்ச் சாறும் பனைவெல்லமும் கலந்து பூசிய சுவர்கள், தொட்டால் இன்றும் குளிர்கின்றன.

பாவடி

சேலத்துப் பேட்டைகளின் உயிர், வணிகத்தைவிட நெசவில்தான் மிகுதியாக இருந்தது. செங்குந்தர், தேவாங்கர், சௌராட்டிரர் எனப் பல சமூகத்தார் வெவ்வேறு காலங்களில் வந்து அம்மாபேட்டை, குகை முதலிய பகுதிகளில் தறி நாட்டினர். சேலத்து வெண்பட்டு வேட்டிக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் தறியிறை என்னும் வரி குறிக்கப்படுவதை எண்ணினால், தறியை எண்ணி வரி வாங்கும் அரசுகளுக்கு நெசவூரின் அமைப்பு நன்கு தெரிந்திருந்தது எனலாம்.

நெசவாளர் தெருவுக்குள் நுழையும் புதியவர் ஓர் இடத்தில் திகைத்து நிற்பார். நெருக்கமான வீடுகளுக்கு நடுவே நீண்ட வெற்றுத் திடல் ஒன்று கிடக்கும். அது கோயில் மைதானமுமன்று, விளையாட்டுத் திடலுமன்று. அதற்குப் பெயர் பாவடி. சேலம் வட்டாரத்து நெசவூர்களில் வழி சொல்பவர்கள் இன்றும் அதையே அடையாளமாகக் கொள்வர். “பாவடி தாண்டி ரெண்டாவது சந்துங்க” என்றால் போதும். ஊரார்க்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

துணியில் நீளவாட்டில் ஓடும் இழைகளின் தொகுதியே பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் அதை நீளமாக விரித்துக் கட்டிக் கஞ்சி ஏற்றி உலர்த்த வேண்டும். இதனைப் பாவு தோய்தல் என்பர். கஞ்சி ஏறாத நூல் தறியின் உராய்வைத் தாங்காமல் அறும். பல கெச நீளமுள்ள பாவை வீட்டுக்குள் விரிக்க இயலாது. ஆகவே, வைகறையில் தெருவே தொழிற்கூடமாக மாறியது. மூங்கில் கோல்கள் செருகப்பட்ட பாவை இரு முனைகளிலும் இழுத்துக் கட்டி, இருபுறமும் ஆள்கள் முன்னும் பின்னுமாக நடந்து தூரிகையால் நீவிக்கொண்டே செல்வர். ஓர் இழை மற்றோர் இழையோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது. கஞ்சி ஓரிடத்தில் திரண்டுவிடவும் கூடாது. வெயில் ஏறினால் நூல் முறுகும். மழை வந்தால் அன்றைய உழைப்பு வீணாகும். ஒரு குடும்பத்தால் மட்டும் ஆகிற வேலையன்று அது. இன்று ஒருவர் பாவுக்கு மற்றவர் கை கொடுப்பர். நாளை அவர் பாவுக்கு இவர் செல்வார். அதனால்தான் பாவடி எவருக்கும் தனியுரிமை இல்லாத பொதுநிலமாயிற்று.

இந்த ஒரு தேவை தெருவின் வடிவத்தையே வகுத்தது. பாவு வளையாது, ஆகவே தெருவும் வளையவில்லை. பாவுக்கு நிழல் வேண்டும். ஆகவே ஓரங்களில் மரங்கள் நின்றன. தோய்த்த பாவைச் சுருட்டி உடனே உள்ளே கொண்டுசெல்ல வேண்டும். ஆகவே வீடுகள் பாவடியை நோக்கியே வாசல் திறந்தன. எந்தப் பொறியாளரும் வரைபடம் வரையவில்லை. நூலின் நீளமே அளவுகோலாக ஓர் ஊர் அமைந்தது.

வீடும் அவ்வாறே. தெருவில் திண்ணை; அதைக் கடந்தால் தறிக்கூடம். தரையில் வெட்டிய குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு மிதிபலகையை மிதித்தபடி நெய்யும் குழித்தறி அங்கே இருக்கும். மண்தரையின் ஈரம் காற்றில் பரவி நூலை அறாமல் காத்தது. சாளரத்தின் உயரம் நெய்பவரின் கண்மட்டத்தைக் கணக்கிட்டு வைக்கப்பட்டது. நின்று பார்க்கும் விருந்தினருக்கு அது தாழ்வாகத் தோன்றும். குழியில் அமர்ந்திருப்பவருக்கோ நூலின் மேல் நேராக ஒளி விழும். குயவர் வனைந்த நாட்டு ஓடுகளின் இடுக்குகள் வழியே வெப்பம் வெளியேறியது. பரணில் நூற்கட்டுகள், பின்கட்டில் அடுக்களை, கிணறு. 1865ஆம் ஆண்டு மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஆலையின் தட்டையோடுகள் பின்னர்த் தமிழகமெங்கும் பரவியபோது, வசதி பெற்றவர் கூரைகள் சிவந்தன. வீட்டின் உள்ளமைப்பு மாறவில்லை.

தறிக்கூடம் அமைந்த இவ்வீட்டைக் கட்டடக்கலை என்று பெயரிட்டு அழைக்கத் தயங்குவோர் உண்டு. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் கெட்டி முதலியார் காலத்துச் சிற்பிகள் ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலியையும், சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையையும் கண்டு வியப்பவர்கள், தாழ்ந்த சாளரத்தின் கணக்கைக் கவனிப்பதில்லை. முன்னது திறமையின் உச்சம் என்பதில் ஐயமில்லை. பின்னது தேவையின் உச்சம். இரண்டுக்கும் ஒரே நிலத்தின் கைகளே காரணம்.

மாறிய தெரு

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் விசைத்தறி வந்தது. ஆலையிலேயே கஞ்சி ஏற்றிய பாவு உருளையில் சுற்றப்பட்டு வீட்டு வாசலுக்கு வந்தது. பாவடிக்கு வேலை போயிற்று. விசைத்தறியின் அதிர்வைத் தாங்க மண்தரை உதவாது; சிமெண்டுத் தரை வேண்டும். குழி மூடப்பட்டது. தறி மேலே ஏறியதால் சாளரம் தாழ்ந்து நின்றது. அதை அடைத்துவிட்டு மின்விளக்கு மாட்டினர். ஓடு இறங்கிற்று; கல்நார்த் தகடு ஏறிற்று. ஒரு கருவி மாறியவுடன் ஒரு வீடும் ஒரு தெருவும் ஒன்றன்பின் ஒன்றாக மாறிய முறை, இரண்டும் எவ்வளவு நெருங்கிப் பின்னியிருந்தன என்பதைக் காட்டுகிறது.

சுண்ணாம்பின் இடத்தைச் சிமெண்டு பிடித்த கதையைச் சங்ககிரி சொல்லும். 1805ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட அம்மலைக்கோட்டையில் மதிலுக்கு மேல் மதிலாகச் சுண்ணாம்புக் காரைக் கட்டுமானம் இன்றும் நிற்கிறது. அதே ஊரில் 1960களில் சிமெண்டு ஆலை எழுந்தது. விரைவாக இறுகும் சிமெண்டு, பொறுமையோடு இறுகும் சுண்ணாம்பை வென்றது. பழைய சுண்ணாம்புச் சுவரின் வெடிப்பைச் சிமெண்டு வைத்து அடைப்பவர் நல்லது செய்வதாகவே எண்ணுகிறார். ஆனால், சுண்ணாம்புச் சுவர் தன்னுள் புகுந்த ஈரத்தைத் தானே வெளியேற்றும் இயல்புடையது. மேலே பூசிய சிமெண்டு அதன் மூச்சை அடைத்துவிடுகிறது. சில ஆண்டுகளில் சுவர் உப்புப் பூத்து உதிரத் தொடங்கும். பிறகு, பழைய வீடு உறுதியற்றது என்னும் பழி வீட்டின்மேல் விழும்.

இழப்பின் வேகத்தை அறிய நெடுங்காலம் பின்னோக்க வேண்டியதில்லை. டி. ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையம் நூற்றுக்கு மேற்பட்ட திரைப்படங்களை உருவாக்கியது. ஏற்காடு சாலையில் இன்று அதன் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. வளைவின் முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்பவர்கள் உள்ளே எதைத் தேடுவது என்று அறியாமல் திரும்புகின்றனர். ஒரு வாயில் எஞ்சியது நற்பேறுதான்; ஆனால், வாயில் என்பது எதற்கோ வாயிலாக இருக்க வேண்டும் அல்லவா?

தனிச்சின்னத்தை மட்டும் காப்பது போதாது என்னும் உணர்வு உலகில் முன்பே எழுந்துள்ளது. அமெரிக்காவின் சார்லஸ்டன் நகரம் 1931ஆம் ஆண்டிலேயே தன் பழைய குடியிருப்புப் பகுதி முழுவதையும் வரலாற்றுப் பகுதியாக அறிவித்து, அங்கே வீடுகளின் வெளித்தோற்றத்தை மாற்ற விரும்புவோர் இசைவு பெற வேண்டும் என விதித்தது. பிரான்சில் நாவலாசிரியரும் பண்பாட்டு அமைச்சருமான ஆந்திரே மால்ரோவின் பெயரால் வழங்கும் 1962ஆம் ஆண்டுச் சட்டம் பழைய நகர்ப்பகுதிகளை முழுமையாகக் காக்க வழிசெய்தது. 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், பெருங்கலைப் படைப்புகள் மட்டுமன்றிக் காலப்போக்கில் பண்பாட்டுப் பொருள் பெற்ற எளிய கட்டடங்களும் நினைவுச்சின்னங்களே என்றது. இந்தியாவில் அகமதாபாத்தின் பழைய நகரம் 2017ஆம் ஆண்டு உலக மரபுச்சின்னமாக ஏற்கப்பட்டது. அங்கே மசூதிகளோடும் கோயில்களோடும் ‘போள்’ எனப்படும் நெருக்கமான குடியிருப்புத் தெருக்களும் சேர்த்தே மதிக்கப்பட்டன. தமிழ்நாட்டிலும் மரபு ஆணையச் சட்டம் 2012ஆம் ஆண்டு இயற்றப்பட்டது.

எனினும், தெருவைக் காப்பது பாறையைக் காப்பதுபோல் எளிதன்று. பாறையில் எவரும் குடியிருக்கவில்லை. தெருவில் மக்கள் வாழ்கின்றனர். குழித்தறியின் ஈரம் நூலுக்கு நன்மை செய்தது. அதே ஈரத்தில் நாள்முழுவதும் கால்வைத்திருந்த நெசவாளரின் மூட்டுகளுக்கு அது நன்மை செய்யவில்லை. கழிப்பறை இல்லாத வீட்டை மரபு என்னும் பெயரால் அப்படியே வைத்திருக்குமாறு ஒருவரைக் கேட்பது அறமாகாது. பெருநகரத்திலிருந்து வந்து பழைய வீட்டின் அழகைப் பாராட்டிச் செல்பவர், மழைக்காலத்தில் அதே வீட்டில் ஒழுகும் இடங்களுக்கெல்லாம் பாத்திரம் வைப்பதில்லை. நாட்டு ஓடு வனைபவரும் சுண்ணாம்பு அரைப்பவரும் அருகிவிட்ட காலத்தில், பழையபடியே செப்பனிடச் சொல்வதும் செலவைப் பிறர் தலையில் ஏற்றுவதாகும். ஓடு வனையத் தெரிந்த கையும் காரை அரைக்கத் தெரிந்த கையும் ஊரில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளாத எந்த விதியும் காகிதத்தோடு நின்றுவிடும். இடிப்பதைத் தடுப்பது எளிது. இடிக்கத் தேவையில்லாத நிலையை உருவாக்குவதே கடினம்.

பாவடியின் நிலையோ வேறு. அதைப் பேண ஓடும் வேண்டா, காரையும் வேண்டா. அது கட்டப்பட்ட பொருளன்று. கட்டாமல் விடப்பட்ட பொருள். குடைவரைச் சிற்பி கல்லை நீக்கிக் கோயிலைப் பெற்றதுபோல, நெசவாளர் வீடுகளை ஒதுக்கி இவ்வெளியைப் பெற்றனர். ஆனால், குடைவரையின் வெற்றிடத்தைக் காக்க ஒரு சட்டமே உள்ளது. பாவடியின் வெற்றிடத்தைக் காண்போர்க்கு அது காலிமனையாகத் தோன்றுகிறது. நகரத்தில் ஓர் அடி நிலமும் விலைபெறும் நாளில், பயனின்றிக் கிடக்கும் இடம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். கடைவரிசையோ வாகன நிறுத்தமோ அங்கே வந்துவிடும்.

இன்று பாவடிகளில் பாவு இல்லை. மாலையில் சிறுவர் மட்டை பிடிக்கின்றனர். திருமண நாள்களில் பந்தல் எழுகிறது. ஆடி மாதத்தில் சேலத்து மாரியம்மன் கோயில்கள் அனைத்தும் விழாக்கோலம் பூணுகின்றன. குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை நடைபெறும். தெய்வங்களைப் போலவும் புராண மாந்தரைப் போலவும் ஒப்பனை செய்துகொண்டவர்கள், விளக்குகள் ஒளிரும் வண்டிகளில் அமர்ந்து ஊர்வலமாக வருவர். இரவெல்லாம் தெருவோரத் திண்ணைகளில் மக்கள் விழித்திருப்பர். திண்ணை இடிக்கப்பட்ட வீட்டார் நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டுக்கொள்வர். ஊரின் குறுகிய சந்துகளில் தயங்கித் தயங்கி ஊரும் வண்டிகள், பாவின் நீளத்துக்காக எப்போதோ நேராக விடப்பட்ட தெருவுக்கு வந்தவுடன் தடையின்றி ஓடும். வண்டியின் மேல் அசையாமல் நின்றுகொண்டிருக்கும் சிறிய முருகன், அப்போதுதான் வேலைத் தோளில் சாய்த்துவிட்டுக் கையை உதறிக்கொள்வான்.